அறுபத்தோராம் நம்பர் டோக்கன்

கவரைப்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். நெல்லூர் போகும் லாரிகள் புழுதியை வாரி என் மேல் போட்டுவிட்டுப் போயின. தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு அலுமினியத் தட்டு. எனக்குச் சொந்தம் என்று அவ்வளவுதான் இருந்தது. வயது இருபத்தெட்டு. மிஷன் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே ஆபரேஷன் அறையில் ஒரு அம்மா கிடந்தார். பிழைப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அது தெரியவருவதற்குள் கண்காணாமல் போய்விட வேண்டும் என்றுதான் வேகமாக நடந்தேன். அந்த அம்மாவை ஒன்றேகால் மணி நேரம் பெஞ்சில் காக்க வைத்தவன் நான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்குக் கண்ணாடி போட்ட கவுன்டர் இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டுகிறவர்கள் முன்னால் போகலாம் என்று போன மாதம் தனி வரிசை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "ஐயா, ஒங்க காலத்துல கமிட்டி செக்ரட்டரியையே வெளிய நிக்க வச்சீங்களாமே, நெசமா?" என்று கேட்டார்கள். நிஜம்தான். ஆனால் அதோடு முடியவில்லை. அவர்கள் கேட்டது பாதிக் கதை. மீதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு பாதியில் பள்ளியை விட்டவன். அப்பா கல் குவாரியில் இறந்து போனார், அம்மா அதற்கு முன்பே. அதன் பிறகு கால் போன பக்கம் போனேன். சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும் நாட்களில் பாதை ஓரம் வைக்கோல் கட்டு அடுக்கினேன். உப்பளத்தில் உப்பு வாரினேன். உள்ளங்கால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு போய், மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. எண்ணூரில் மின் நிலையம் கட்டும்போது கலவை சுமந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. மேஸ்திரி குரல் உயர்ந்தால் நான் பையைத் தேடுவேன். அது எனக்கு ரோஷம் என்று தோன்றியது. ஓடுகாலித்தனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

காலில் துருப்பிடித்த கம்பி குத்தி, வீங்கி, அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகத்தான் முதலில் போனேன். பத்து நாள் படுக்கையில் இருந்தேன். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சும்மா இருக்க முடியாமல் வராந்தாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினேன். பதினோராவது நாள் எனக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பையில் வெள்ளை நூலால் சிலுவை தைத்த சட்டை. வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை.

கொடுத்தவர் ரூத்தம்மா. நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை. நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஐந்தடி கூட இருக்க மாட்டார். டாக்டரைத் தவிர அந்த வளாகத்தில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவோம். டாக்டரும் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆண்பிள்ளை யாரானாலும் அவருக்கு "நைனா". பெண்பிள்ளை யாரானாலும் "அம்மா". யாராக இருந்தாலும் "நீங்க", "வாங்க". கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவரும் நைனா, கக்கூஸ் கழுவும் சின்னராஜும் நைனா. இருளர் குடிசையிலிருந்து பிள்ளை பெற வந்த பெண்ணை "வாங்கம்மா, மெல்ல ஏறுங்க" என்று கைபிடித்து ஏற்றுவார். அந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து யாரும் "வாங்க" என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பாள். திட்டும்போதும் அப்படியே. "உங்களுக்கு மூளை இருக்கா நைனா?" என்பார். மரியாதை குறையாமல் திட்டு வாங்குவது எவ்வளவு வலிக்கும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் வேலை தொடங்குமுன் வராந்தாவில் ஜெபம் நடக்கும். ஒரே நீளப் பாய். டாக்டர், கம்பவுண்டர், சமையல்காரர், சின்னராஜ், நான், எல்லோரும் வந்த வரிசையில் உட்கார வேண்டும். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய விருந்தாளிக்கு யாரோ நாற்காலி தூக்கி வந்தார்கள். ரூத்தம்மா, "முப்பது நாற்காலி இருக்கா நைனா? இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா பாயில எடம் இருக்கு" என்றார். விருந்தாளி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே சின்னராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கம் எதுவும் ரூத்தம்மா செய்து நான் கேட்டதில்லை. பட்சபாதம் பார்க்காதே என்று பீடத்திலிருந்து சொல்லக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் ஆள் பார்த்துக் கும்பிடுகிற சபையில் வளர்ந்தவன் நான். சொல்லாமல் செய்கிற ஒருவரை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

டோக்கன் முறையும் அவர் வைத்ததுதான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் குத்தி எண் போட்ட தகடுகள், ஒன்றிலிருந்து நூறு வரை. பலகையில் ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருக்கும். காலை ஆறு மணிக்கு நான் பலகையின் பூட்டைத் திறப்பேன். யார் முன்னால் வந்தாரோ அவருக்கு முதல் எண். நம்பர் கேட்டு முந்தின நாளே ஆள் அனுப்பினால் கிடையாது, நோய் இருக்கிறவர் நேரில் நிற்க வேண்டும். இது போக எண் இல்லாத சிவப்புத் தகடு பத்து. அது கையில் இருந்தால் வரிசை கிடையாது, நேராக உள்ளே. பிரசவ வலி, பாம்புக்கடி, மூச்சுத்திணறல், இழுப்பு வந்த குழந்தை, ரத்தம் போகிறவர்கள், இவர்களுக்குச் சிவப்பு. இதெல்லாம் பார்த்தாலே தெரியும். கஷ்டம் மற்றவர்களிடம்தான். அதற்காக ரூத்தம்மா எனக்கு மூன்று மாதம் பழக்கிக் கொடுத்தார். கீழ் இமையை இழுத்துப் பார், சிவப்பு இருக்கிறதா. நகத்தை அழுத்தி விடு, நிறம் திரும்பி வருகிறதா. மூச்சை எண்ணு. கையைத் தொடு, ஜில்லென்று வேர்த்திருக்கிறதா. நம்பர் கொடுப்பதற்கு முன்னால் இந்த நான்கையும் ஒவ்வொருவரிடமும் பார்த்தாக வேண்டும். "எனக்குத் தலைவலிதாம்பா" என்றாலும் பார்க்க வேண்டும்.

"சந்தேகம் வந்தா சிவப்பு குடுங்க நைனா" என்பார். "தப்பா சிவப்பு குடுத்தா டாக்டர் என்னைத் திட்டுவார், நான் வாங்கிக்கிறேன். தப்பா நம்பர் குடுத்தா யாரும் நம்மளத் திட்ட மாட்டாங்க. திட்டுறதுக்கு ஆளு இருக்காது."

படிக்காதவன் நான். ஆனால் ஒரு வருஷத்தில் இமையைப் பார்த்து இவருக்கு ரத்தம் எவ்வளவு குறைவு என்று சொல்வேன். வள்ளூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீனவரை, நெஞ்சு எரிச்சல் என்றுதான் சொன்னார், கை ஈரத்தை மட்டும் தொட்டுப் பார்த்து உள்ளே அனுப்பினேன். மாரடைப்பு. டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்த கால் நின்றது. ஒரு வருஷம் இரண்டாகி, நான்காகிவிட்டது.

இனி செக்ரட்டரி விஷயம். சாமுவேல் ஐயா அரிசி மில் முதலாளி. ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் அவர்தான் செக்ரட்டரி. வராந்தா பெஞ்சுகள் அவர் செய்து கொடுத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் பெயர். ஒருநாள் காலை எட்டு மணிக்கு வந்தார்.

"டாக்டர் ஃப்ரீயா இருக்காராப்பா?"

"இருக்காருங்க ஐயா. கண்ணைக் காட்டுங்க."

"கண்ணுல ஒண்ணும் இல்லப்பா. வேற எடத்துல கட்டி."

நான்கையும் பார்த்தேன். ஆள் கல்லு மாதிரி இருந்தார். "நாப்பத்தி ரெண்டுங்க" என்று தகட்டை நீட்டினேன்.

"இன்னாப்பா, செக்ரட்டரிக்கே டோக்கனா?"

"நோவுக்குத்தாங்க டோக்கன். செக்ரட்டரிக்கு இல்ல."

வராந்தா முழுக்கச் சிரிப்பு. செங்கல் சூளைக் கிழவர் ஒருவர், "குந்து சாமி, குந்து. பெஞ்சு ஒன்னுதுதான, பேரு போட்டுக்கீது" என்றார். விஷயம் என்னவென்றால் கட்டி வந்திருந்தது உட்காரும் இடத்தில். பாவம், இரண்டரை மணி நேரம் தன் பெயர் போட்ட பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். பிறகு ரூத்தம்மாவிடம் முறையிட்டார். அவர், "கமிட்டில நீங்களே கையெழுத்துப் போட்ட சட்டந்தான நைனா?" என்றார்.

அந்தக் கதை சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் பெஞ்சில் இடம் விடுவார்கள். "டோக்கன்காரரே, செக்ரட்டரி எப்டி நின்னாரு, காட்டு" என்பார்கள். நான் நின்று காட்டுவேன். எத்தனை தரம் காட்டினேன் என்று கணக்கில்லை. பெருமைப்பட வேண்டிய காரியம்தான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காட்டக் காட்ட, எனக்குக் காரில் வருகிறவர்களைக் கண்டாலே ஒரு துடிப்பு வர ஆரம்பித்தது. அடுத்த கதை கிடைக்குமா என்கிற துடிப்பு. அதை நான் நியாயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கூட்டம் எப்போதும் அதிகம். ஒன்பதரை மணி இருக்கும், சாமுவேல் ஐயாவின் கார் வந்து நின்றது. ஐயா இல்லை; அவர் சென்னைக்குப் போயிருந்தார். டிரைவர் முனுசாமி இறங்கி ஓடி வந்தான். பின் சீட்டில் ஐயாவின் மனைவி கிரேஸ் அம்மா.

"அண்ணாத்தே, அம்மாவுக்கு வயித்து வலி. கொஞ்சம் பாத்து அனுப்பு."

"பாத்து அனுப்புறதெல்லாம் இங்க கெடையாது முனுசாமி. ஒனக்குத் தெரியாதா?" பலகையிலிருந்து தகட்டை எடுத்தேன். "இந்தா, அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணா? மணி பன்னெண்டு ஆயிடுமே."

"ஒண்ணு கூட ஆவும். வண்டிய நெழல்ல உடு, சூடாயிடப் போவுது."

வராந்தா சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அதைச் சொன்னேன். அந்த அம்மா காரிலிருந்து, "உடு முனுசாமி, எல்லார மாதிரி ஒக்காந்துக்கிறேன்" என்றார். இறங்கி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. இமையைப் பார்க்கவில்லை. நகத்தை அழுத்தவில்லை. கையைத் தொடவில்லை. நான்கு வருஷத்தில் அந்த நான்கையும் பார்க்காமல் நான் கொடுத்த முதல் டோக்கன் அது.

பக்கத்தில் காளியம்மா என்று ஒரு சூளைக்காரப் பெண் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தே முக்கால் மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"ண்ணா, இங்க வா. இந்தம்மா கை ஜில்லுனு கீது."

"அவங்க நம்பர் வரட்டும்."

"நம்பரு கெடக்குது. வேர்வை ஊத்துது பாரு. நீதான கண்ண இழுத்துப் பாப்ப, வந்து பாரேன்."

போனேன். இமையை இழுத்தேன். காகிதமாய் வெளுத்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன், நிறம் திரும்பவே இல்லை. அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னும் எத்தினி பேர் இருக்காங்கப்பா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த நிமிஷம் காளியம்மா தோளில் சாய்ந்துவிட்டார். நானே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கரு, கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. டாக்டர் உடனே ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார். கம்பவுண்டரும் சமையல்காரரும் ரத்தம் கொடுக்கப் போனார்கள். என் ரத்தம் சேராத வகை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே முனுசாமி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா ஏன்டா வாயத் தொறக்கல?" என்று அவனைக் கேட்டேன். அவன்மேல் பழி போட முடியுமா என்று பார்த்தேன் போலிருக்கிறது.

"எப்டித் தொறப்பாங்க? ஐயா ஊட்ல சொல்லி வச்சிக்கிறாரு. அங்க போனா நம்ம பேரச் சொல்லிக்கினு முன்னாடி போவாதீங்க, அந்த டோக்கன்காரன் அத்தினி பேர் எதுர மானத்த வாங்கிடுவான்னு. அதான் பல்லக் கடிச்சிக்கினு குந்திக்கினு இருந்துச்சு."

ஆபரேஷன் நடக்கும்போதே, இன்னும் ரத்தம் ஏற்பாடு செய்வதற்காக ரூத்தம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"கண்ணைப் பாத்தீங்களா நைனா?"

"இல்லம்மா."

"நகம்?"

"இல்லம்மா."

"ஏன்?"

அவர் நகராமல் நின்றார். "கார்ல வந்தாங்கம்மா" என்றேன் கடைசியில்.

"மாட்டு வண்டில வந்திருந்தா பாத்திருப்பீங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப இதுவும் பட்சபாதந்தான நைனா. பணக்காரங்க பக்கம் சாஞ்சா மட்டும்தான் பட்சபாதமா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க காரைப் பாத்தீங்க. உள்ள இருந்த மனுஷியப் பாக்கல. பலகை சாவியக் குடுங்க."

கொடுத்தேன்.

"நாளையிலேருந்து வாசல்ல நீங்க வேணாம். காலைல பொன்னன் நைனாகிட்ட போயி துணி தொவைங்க."

"வேலைய விட்டே தூக்கிடுங்கம்மா. அதான் சரி."

"உங்கள நான் தூக்கினா உங்களுக்கு லேசா இருக்கும். என் தம்பி மகன் இதப் பண்ணியிருந்தாலும் தொவைக்கத்தான் அனுப்புவேன். அதுக்கு மேல இல்ல, அதுக்குக் கீழயும் இல்ல." சொல்லிவிட்டு ரத்தம் தேடிப் போய்விட்டார்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தகவல் கேட்டு, பன்னிரண்டரை மணிக்கு சாமுவேல் ஐயா சென்னையிலிருந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் முன்னால் வந்து நின்று, சத்தம் போடாமல் கேட்டார். "நான் அன்னைக்குக் கேட்டேன், நீ முடியாதுன்ன. அது ஞாயம். இவ உன்னை ஒண்ணுமே கேக்கலியேப்பா."

கிணற்றடியில் முகத்தைக் கழுவினேன். சொந்தச் சட்டை ஒன்றும் இல்லை, அதனால் சிலுவை தைத்த சட்டையோடேயே பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வடக்கே திரும்பியதற்குக் காரணம் ஏதும் இல்லை, அந்தப் பக்கம் நிழல் இருந்தது.

கும்மிடிப்பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. ஊருக்கு வெளியே இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்று புதிதாக வந்துகொண்டிருந்தது. வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் பத்துப் பேர் எடுப்பதாகச் சொன்னார்கள். நான் கடைசியில் போய் நின்றேன். மேஸ்திரி நோட்டோடு வெளியே வந்து, முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துப் பெயர் எழுதினார். ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவது ஆளிடம் வரும்போது தலையைத் தூக்கினார். நாற்பது பேருக்குப் பின்னால் என் சட்டை அவர் கண்ணில் பட்டது.

"தே, காக்கி. மிஷன் ஆளா?"

"ஆமாங்க."

"பேரு?"

"தேவசகாயம்."

"நம்ம ஆளுடா. முன்னாடி வா. நானும் சபைதான்." என் தோளில் கை போட்டுக் கேட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நோட்டில் என் பெயரை எழுதினார். நான் தடுக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்: என் பெயர் எழுதப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து முதல் முறையாக ஒருவர் என்னை வேண்டும் என்றார்.

"அவ்ளோதான், மத்தவங்க நாளான்னிக்கி வாங்க" என்று மேஸ்திரி கதவைச் சாத்தப் போனார். பத்தாவதாக நின்ற ஆள் மட்டும் நகரவில்லை. தேர்வாய் கண்டிகைப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், கையில் சோற்றுப் பொட்டலம். முந்தின நாளிலிருந்தே நிற்கிறாராம். அவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஆஸ்பத்திரில நம்பர் குடுக்கறவருதான?" என்றார்.

"ஆமா."

"எங்க ஊட்டுக்காரிக்கு மூச்சு எறைச்சப்ப செவப்பு வில்லை குடுத்து உள்ள அனுப்ச்சீங்க. எதுர ஒரு போலீஸ்காரரு நின்னுக்கினு இருந்தாரு, அவர நிறுத்திட்டு." குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்தவரைக் கண்ட மாதிரி சிரித்தார். "அங்கல்லாம் வரிசை சுத்தமா இருக்கும். இங்க இப்டித்தான் நைனா, இன்னா பண்றது. நல்லாருங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மேஸ்திரியிடம், "என் பேர அடிச்சிட்டு அவர் பேர எழுதுங்க" என்றேன்.

"இன்னாயா, பைத்தியமா? நம்ம ஆளாச்சேன்னு கூப்பிட்டா."

"அதுக்குத்தாங்க வேணாங்குறேன். அவரு பத்தாவது. நான் நாப்பத்தொண்ணு."

"ஒனக்குச் சோறு வேணாமா?"

"வேணுங்க. வேற எடத்துல இருக்கு."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. தன் ஆளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். முணுமுணுத்துக்கொண்டே என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். நானே ஓடிப்போய் அந்த மனிதரைக் கூப்பிட்டு வந்தேன். பெயரைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் குழறியது. இதை நான் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த இடம் என்னுடையது இல்லை, அவ்வளவுதான். ஆனால் சிலுவையைப் பார்த்து ஒருவரை முன்னால் இழுப்பதும், காரைப் பார்த்து ஒருவரைப் பின்னால் தள்ளுவதும் ஒரே கை செய்கிற வேலை என்று அந்தக் கேட்டில் நின்றபோது எனக்குப் புரிந்தது. காலையில் அந்தக் கை என்னுடையது.

திரும்பி நடந்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ இடங்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன், வந்த வழியே திரும்பியது இல்லை. அந்த அம்மா இறந்திருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். இறந்திருந்தாலும் போகத்தான் வேண்டும் என்று தோன்றியது. துணி துவைக்கச் சொன்னது அவர் பிழைத்தால் மட்டும் என்று ரூத்தம்மா சொல்லவில்லை. கவரைப்பேட்டை ரயிலடியில் கொஞ்சம் படுத்துவிட்டு, விடியும்போது ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போய் நின்றேன்.

சலவைக்காரர் பொன்னன் துணி அவிக்கும் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, அந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் வேலைக்கு வந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்துட்டியா. ஓடிப் போயிட்டான்னு பேசிக்கினாங்க."

"ஓடித்தாண்ணா போனேன்." நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அந்தம்மா இருக்குது. மூணு பாட்டில் ரத்தம் ஏறிச்சாம். கொஞ்சம் முன்ன கண்ணத் தொறந்து தண்ணி கேட்டுச்சாம். தண்ணி தரக் கூடாதுன்னு ரூத்தம்மா பஞ்ச நனைச்சி ஒதட்டுல வச்சிக்கினு பக்கத்துலயே குந்திக்கினு கீது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொன்னன் ஒரு பெரிய மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஆபரேஷன் அறைத் துணி. விரிப்பு, போர்வை, டாக்டரின் அங்கி, எல்லாம் நேற்றையது. காய்ந்து மரப்பட்டை மாதிரி விறைத்திருந்தது.

"சுடு தண்ணில போட்டுடாத. ரத்தம் புடிச்சிக்கும், அப்பறம் ஜென்மத்துக்கும் போவாது. பச்சத் தண்ணில ஊறப் போடு. அலசு, கொட்டு. மறுபடி பச்சத் தண்ணி. தெளிவா வர்ற வரைக்கும் அலசு. அதுக்கு அப்பறந்தான் சோடா, அண்டா எல்லாம்."

வாசலில் அப்போது ஆறு மணி. யாரோ ஒருவர் பலகையைத் திறக்கும் சத்தம் கேட்டது. முதல் நம்பருக்கு யாரோ இருமிக்கொண்டு வந்து நின்றார். நான் கிணற்றடித் தொட்டியில் வாளியை விட்டேன். விரிப்பு முதல் தண்ணீரில் விறைப்பு இளகி என் கையில் கனத்தது. தண்ணீர் முதல் தரம் கருஞ்சிவப்பாக வந்தது. கொட்டினேன். இரண்டாம் தரம் சிவப்பு. மூன்றாம் தரம் வெளிறிய ரோஜா நிறம். பொன்னன் எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் வாளியை இறக்கினேன்.